கடினமான மெழுகு கெட்டியான ஜெல் தருமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் சௌராஸ்தா சந்தைப் பக்கம் ஜாதிக்காய்ச் சரக்கு விற்கும் கடைகளில் ஜாதிக்காய்த் தைலமும் ஜாதிக்காய் பாமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தைலப் புட்டியைச் சாய்த்தால் ஓடுகிறது. பாம் டப்பாவைத் திறந்து கவிழ்த்தாலும் அசைவதில்லை. பகலில் 32, 33 டிகிரி செல்சியஸ் வரை போகும் ஊரில், ஏர்கான் இல்லாத கடையில், அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. இத்தனைக்கும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி ஓடக்கூடிய எண்ணெய்ப் பொருள்தான். வீட்டில் தேன்மெழுகு போட்டுக் காய்ச்சும் களிம்பில் வழக்கமாக ஐந்தில் நாலு பங்கு எண்ணெய், ஒரு பங்கு மெழுகு. அந்த ஒரு பங்கு மற்ற நான்கையும் பிடித்து நிறுத்திவிடுகிறது. இப்படித் திரவம் உள்ளே சிக்கி ஓடாமல் நிற்பதைத்தான் ஜெல் என்கிறோம்.

மெழுகு கட்டியான பொருள், அதனால் அது சேரும் எண்ணெயும் கட்டியாகிறது என்பது பரவலான நம்பிக்கை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டிலிருந்தே களிம்பு, உதட்டு பாம் செய்து விற்கும் நம்மவர்கள் பலரிடம் இந்தக் கணக்கு இருக்கிறது: எவ்வளவு கடினமான மெழுகோ அவ்வளவு கெட்டியான பாம். அந்தக் கணக்கு தவறு. ஏன் தவறு என்பதில்தான் இந்த விஷயத்தின் மொத்தச் சுவாரசியமும் இருக்கிறது.

இயற்கை மெழுகுகளில் மிகவும் கடினமானவற்றுள் ஒன்று கார்னூபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலைமேல் படியும் மெழுகு அது. 82 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். அரிசித் தவிட்டு மெழுகு அதைவிடக் கொஞ்சம் குறைவான வெப்பத்தில் உருகிவிடும். ஆனால் 2009-இல் வெளியான ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வில் ஆலிவ் எண்ணெயை ஓடாமல் நிறுத்த அரிசித் தவிட்டு மெழுகு சுமார் 1 விழுக்காடு போதுமானதாக இருந்தது. மெக்சிகோ பாலைவனச் செடியிலிருந்து வரும் கேண்டலில்லா மெழுகு 2 விழுக்காடு வேண்டியிருந்தது. கார்னூபாவோ 4 விழுக்காடு. கடினமான மெழுகுக்குத்தான் நான்கு மடங்கு தேவைப்பட்டிருக்கிறது. (பாம் வெயிலில் உருகாமல் இருக்க கார்னூபா உதவும் என்பது உண்மை. ஆனால் வெப்பத்தைத் தாங்குவது வேறு, எண்ணெயைப் பிடித்து வைப்பது வேறு.)

முதலில் எண்ணெய் தானாகக் கட்டியாகும் விதத்தைப் பார்த்துவிடலாம். மலேசியாவில் எல்லார் சமையலறையிலும் இருக்கும் 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய், செம்பனை எண்ணெயின் திரவப் பகுதியான ஓலீன். அலமாரியில் தெளிவாக இருக்கும் அதைக் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். மறுநாள் வெள்ளையாகக் கலங்கி, பாதி உறைந்திருக்கும். எண்ணெயில் இருப்பவை ட்ரைகிளிசரைடுகள். ஒரு கிளிசரின் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். நேரான சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். வளைவு உள்ளவை அப்படி நெருங்க முடியாது. செம்பனையில் நேரான பால்மிட்டிக் அமிலம் நிறைய இருப்பதால் கொஞ்சம் குளிர்ந்தாலே படிகம் தோன்றிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பாலும் வளைந்த சங்கிலிகள், அதனால் அது குளிர்பெட்டியிலும் ஓடும்.

கொழுப்புப் படிகங்களும் எண்ணெயைப் பிடித்து வைக்கத்தான் செய்கின்றன. வெண்ணெய், மார்ஜரின், நெய் எல்லாம் அப்படி நிற்பவைதான். ஆனால் அதற்குப் படிகம் ஏராளமாக வேண்டும். மாவில் அடுக்கு பிரியச் செய்யும் மார்ஜரினில் அறை வெப்பத்தில் இருபது, முப்பது விழுக்காடு திடக் கொழுப்பு இருந்தாக வேண்டும். மெழுகு அதே வேலையை ஒன்றிரண்டு விழுக்காட்டில் தொடங்கிவிடுகிறது.

எப்படி?

மெழுகின் முக்கியப் பொருள் மெழுகு எஸ்டர். நீளமான ஒரு கொழுப்பு அமிலமும் நீளமான ஒரு கொழுப்பு ஆல்கஹாலும் முனையோடு முனை சேர்ந்தது அது. ட்ரைகிளிசரைடு போல மூன்று கிளை கிடையாது. ஒரே நீண்ட நேர் சங்கிலி. தேன்மெழுகின் புகழ்பெற்ற எஸ்டரை எடுத்துக்கொண்டால், 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலத்தோடு 30 கார்பன் உள்ள ஆல்கஹால் சேர்ந்து மொத்தம் 46 கார்பன். நம் செம்பனை எண்ணெயில் நிறைந்திருக்கும் அதே பால்மிட்டிக் அமிலம்தான் அது. கிளிசரினோடு சேர்ந்தால் சமையல் எண்ணெய், நீண்ட ஆல்கஹாலோடு சேர்ந்தால் மெழுகு. அரிசித் தவிட்டு மெழுகின் எஸ்டர்கள் இன்னும் நீளமானவை, ஐம்பது கார்பனைத் தாண்டுபவையும் உண்டு.

நீளம் கூடக் கூட மெழுகு எண்ணெயில் கரைவது குறைகிறது. 90 டிகிரியில் எல்லாம் கரைந்து தெளிவாக இருக்கும். ஆற ஆற எண்ணெயால் மெழுகைத் தன்னுள் வைத்திருக்க முடியாமல் போகிறது. சூடு இன்னும் நிறைய இருக்கும்போதே முதல் படிகங்கள் தலைகாட்டும். மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று ஒட்டி நின்று அடுக்கு அடுக்காகச் சேர்கின்றன. பக்கவாட்டில் ஒட்டுவது எளிது, மேல்நோக்கி அடுக்குவது கடினம். அதனால் படிகம் அகலத்தில் வேகமாகப் பரவுகிறது, தடிமனில் மெதுவாக வளர்கிறது. கடைசியில் கிடைப்பது மிக மெல்லிய தகடு.

சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இவை நீண்ட ஊசிகளாகவே தெரிந்தன. பல ஆண்டுகள் "ஊசிப் படிகம்" என்றே எழுதியும் வந்தார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அலெஹாந்த்ரோ மாரங்கோனியின் குழு, சுற்றியிருக்கும் எண்ணெயை அகற்றிவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஊசியாகத் தெரிந்தவை பக்கவாட்டில் திரும்பி நிற்கும் தகடுகள் என்று தெளிவானது. விளிம்பு மட்டும் கண்ணில் பட்டதால் ஊசி போலத் தோன்றியிருக்கிறது. இது வெறும் பெயர்த் திருத்தம் இல்லை. எண்ணெய் ஏன் நிற்கிறது என்பதற்கான விளக்கமே இதில் இருக்கிறது.

ஒரே எடையுள்ள மெழுகை உருண்டைகளாக்கினால் அவை எண்ணெயில் தனித்தனியாக மிதக்கும். ஒன்றை ஒன்று தொட வேண்டுமானால் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்க வேண்டும். அதே எடையை மெல்லிய தகடுகளாக்கினால் ஒவ்வொன்றும் வெகுதூரம் நீண்டு அடுத்ததைத் தொட்டுவிடும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் சாய, சீட்டுக்கட்டில் கட்டிய வீடு போல ஒரு கட்டுமானம் பாத்திரத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை எழும்புகிறது. படிகங்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது வாண்டர்வால்ஸ் விசை, மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு, மிகவும் பலவீனமானது. ஆனால் தொடும் இடங்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் மொத்தமாகச் சேர்ந்து பலம் வருகிறது. இடைவெளிகளில் எண்ணெய் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய் உறையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது இன்னமும் திரவம்தான், வெளியேற வழி இல்லாத திரவம்.

கார்னூபா ஏன் பின்தங்குகிறது என்பது இப்போது புரியும். அதன் படிகங்கள் தனித்தனித் தகடுகளாகப் பரவாமல் கொத்துக் கொத்தாகத் திரண்டுவிடுகின்றன. கொத்துக்குள் நெருக்கம், கொத்துகளுக்கு இடையில் வெற்றிடம். மெழுகு நிறைய இருந்தும் கட்டுமானம் தொடர்ந்து போகவில்லை. இந்தக் குணம் கார்னூபாவின் உட்கூறுகளிலிருந்து வருகிறது. சாதாரண நேர் எஸ்டர் அதில் ஒரு பகுதிதான். மற்றவற்றில் ஹைட்ராக்சி அமில எஸ்டர்கள், சின்னமிக் அமில வழி வந்த இரட்டை எஸ்டர்கள் என்று வேறு அமைப்பு கொண்டவை பல. கட்டியாக இருக்கும்போது அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் மெழுகு கடினமாகிறது. எண்ணெய்க்குள் நீர்த்த நிலையில் அதே கலவை ஒழுங்கான தகடாக வளர முடிவதில்லை.

ஆக, மெழுகின் பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சூரியகாந்தி மெழுகும் அரிசித் தவிட்டு மெழுகும் கிட்டத்தட்ட முழுக்க எஸ்டர்தான், அதிலும் ஒன்றுக்கொன்று நெருங்கிய நீளம் உள்ள எஸ்டர்கள். நீளம் ஒத்துப்போனால் ஒரே அடுக்கில் சேர்ந்து பெரிய, சீரான தகடாக வளரும். நீளம் ரொம்ப வேறுபட்டால் நீண்டது முதலில் பிரிந்து படிகமாகும், குட்டையானது பிறகு தனியாக வரும். கேண்டலில்லாவில் ஏறத்தாழ பாதி ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட சங்கிலி), அதிலும் 31 கார்பன் உள்ள ஒரு பொருளே பெரும்பங்கு. அது எஸ்டரைவிட நன்றாகக் கரையும், ஆனால் படிகங்கள் மிகச் சிறியவையாக, நெருக்கமாக வருவதால் எண்ணெய் சுலபத்தில் கசிவதில்லை. தேன்மெழுகு எல்லாம் கலந்தது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் எஸ்டர்கள், மீதியில் ஹைட்ரோகார்பனும் தனிக் கொழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய சமமாக. அதனால்தான் அதன் ஜெல் மிருதுவாக, விரலில் குழைந்து வருகிறது. களிம்புக்கு அது ஏற்றதாக இருப்பது தற்செயல் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் கேலன் பெயரால் அறியப்பட்ட களிம்பும் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் சேர்ந்ததுதான்.

இரண்டு மெழுகைக் கலந்தால் இரண்டுக்கும் நடுவாக ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றின் படிகத்துக்குள் மற்றொன்றின் மூலக்கூறு நுழைந்து அடுக்கைக் குலைத்தால், கலவை இரண்டையும்விட மென்மையாகிவிடும். சில ஜோடிகளில் நேர்மாறாக இரண்டையும்விடக் கெட்டியாகும். பாம் செய்பவர்கள் கைப்பக்குவத்தில் கண்டுபிடிக்கும் "இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு" என்ற அளவுகளுக்குப் பின்னால் இதுதான் நடக்கிறது. அந்தக் கைப்பக்குவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு உட்கூறாகப் பிரித்துப் பார்த்து வந்து சேரும் இடத்துக்கு அவர்களில் சிலர் முன்பே வந்துவிட்டார்கள்.

உள்ளூர்ச் சரக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் கெலுலுட் தேன் இப்போது பிரபலம். கொடுக்கில்லாத அந்தத் தேனீ தன் மெழுகோடு மரப் பிசினைக் கலந்துதான் கூடு கட்டும். அதனால் கெலுலுட் கூட்டிலிருந்து எடுத்த மெழுகு கறுத்து, ஒட்டும் தன்மையோடு இருக்கும். சாதாரணத் தேன்மெழுகுக்குப் பதிலாக அதே அளவில் போட்டால் அதே ஜெல் வராது. பிசின் படிகமாகாது, படிகம் வளரும் இடத்தில் குறுக்கேயும் நிற்கும். பாத்தேக் துணிக்குப் பூசும் மெழுகும் அப்படித்தான். துணியில் விரிசல் விடாமல் ஒட்ட வேண்டும் என்று பெட்ரோலிய மெழுகான பாரஃபினும் டாமர் என்னும் மரப் பிசினும் கலந்து செய்வது அது. பாமுக்கோ உணவுக்கோ அது உதவாது.

சூரியகாந்தி மெழுகும் தவிட்டு மெழுகும் எங்கிருந்து வருகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விதைத் தோலிலும் தவிட்டிலும் இருக்கும் மெழுகு, எண்ணெய் பிழியும்போது கூடவே வந்துவிடும். மிகச் சிறிதளவு இருந்தாலும் குளிர்ந்த அலமாரியில் எண்ணெய் கலங்கும், வாங்குபவர் கெட்டுப்போன எண்ணெய் என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பார். அதனால் சுத்திகரிப்பு ஆலைகள் எண்ணெயைக் குளிரவைத்து, மெழுகைப் படியவிட்டு வடிகட்டி எடுத்துவிடுகின்றன. வடிகட்டியில் தேங்கும் அந்தக் கசடுதான் சுத்தம் செய்யப்பட்டு ஜெல்லாக்கும் மெழுகாகத் திரும்பி வருகிறது. கலங்கல் என்று விரட்டியதும் ஜெல் என்று வரவேற்பதும் ஒரே படிகம், அளவுதான் வேறு.

கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் போடும் பொறியாளர்களுக்கும் இதே படிகத்தோடுதான் போராட்டம். தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் எடுக்கப்படும் கச்சா எண்ணெய் பலவற்றில் பாரஃபின் மெழுகு அதிகம். கிணற்றிலிருந்து சூடாக வரும்போது ஓடும் எண்ணெய், கடலடிக் குழாயில் ஆறியதும் மெழுகுத் தகடுகள் தோன்றி, வெறும் 2 விழுக்காடு அளவு படிகமானாலே குழாய்க்குள் ஜெல்லாகி நின்றுவிடக்கூடும். அவர்கள் செய்வது நம் வேலைக்கு நேர் எதிர். தகடு பெரிதாக வளராமல் தடுக்கும் பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். மெழுகின் அளவு அப்படியேதான் இருக்கும், படிகத்தின் வடிவம் மட்டும் மாறும், எண்ணெய் ஓடும். வடிவம்தான் எல்லாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

உணவுத் துறை இந்த ஜெல்களின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ட்ரான்ஸ் கொழுப்பு. திரவ எண்ணெயைப் பாதியளவு ஹைட்ரஜனேற்றம் செய்து, அதாவது ஹைட்ரஜன் சேர்த்து, கெட்டியாக்கும் முறை நூறாண்டு கோலோச்சியது. அந்த முறையில் உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்று தெரிந்த பிறகு டென்மார்க் 2003-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானதாகக் கருதப்படாது என்று அமெரிக்கா 2015-இல் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஆலையில் உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பை உலகம் முழுவதும் ஒழிக்க அழைப்பு விடுத்தது. அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது செம்பனை. ஹைட்ரஜன் இல்லாமலே இயற்கையாகப் பாதி திடமாக இருக்கும் எண்ணெய் அது.

1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்ட செம்பனை, பிறகு இந்த நாட்டின் அடையாளமே ஆனது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தபோது பால் வெட்டிய கைகளே குலை வெட்டக் கற்றுக்கொண்டன. நம் குடும்பங்களில் பாதிக்கு மேல் அந்தக் கதை இருக்கும். அதனால் மெழுகு ஜெல்லைப் பற்றிப் பேசும்போது இங்கே ஒரு தயக்கம் எழுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. சூரியகாந்தி எண்ணெயை மெழுகால் கெட்டியாக்கிவிட்டால் செம்பனை எதற்கு என்ற கேள்வி அது. அந்தப் பயம் தேவையில்லை என்று நான் கருதுகிறேன். ஓலீனையும் மெழுகால் ஜெல்லாக்கலாம். மெழுகுப் படிகங்கள் முதலில் தோன்றுவதால், குளிரும்போது செம்பனையின் கொழுப்புப் படிகங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு வளரவும் வழி உண்டு. திடக் கொழுப்பு அதிகம் சேர்க்காமல், அதாவது நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டாமல், ஓலீனுக்கு நம் ஊர் வெப்பத்தில் நிற்கும் உருவம் கொடுக்க முடியும் என்பது செம்பனைக்கு நல்ல செய்திதான்.

ஆனால் மெழுகு ஜெல் மார்ஜரினின் இடத்தை அப்படியே பிடித்துவிடாது. முதல் தடை வாய். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். மற்ற மெழுகுகள் அதற்கும் மேலே. ஜெல்லாக எண்ணெயில் இருக்கும்போது சற்று முன்பே கரைந்தாலும், 37 டிகிரி நாக்கில் அவை முழுதாகக் கரைவதில்லை. அளவு கூடினால் அண்ணத்தில் மெழுகு ஒட்டிய உணர்வு வரும். நெய் பிஸ்கட் வாயில் போட்டதும் கரைய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களை அதைச் சாப்பிட வைப்பது கஷ்டம். இரண்டாவது, கட்டுமானம் ஒருமுறை உடைந்தால் முழுதாகத் திரும்புவதில்லை. ரொட்டி சானாய்க்கு மாவை வீசி விரிக்கும்போது கொழுப்பு உடையாமல் இழுபட வேண்டும். கொழுப்புப் படிகங்கள் நிறைந்த மார்ஜரின் அப்படி இழுபடும். மெழுகு ஜெல் கொஞ்ச தூரம் தாங்கும், அப்புறம் பொலபொலவென்று பிளந்துவிடும், பிளந்த இடத்தில் எண்ணெய் கசியும். அதனால் கேக், பிஸ்கட், சாக்லெட் பூச்சு, ரொட்டியில் தடவும் பண்டம் இவற்றில் ஒரு பங்குக் கொழுப்பை மாற்றுவதில்தான் இது இப்போதைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. லேபிளில் இ-471 என்று இருந்தால், கொழுப்பிலிருந்து செய்யும் அந்தக் குழம்பாக்கி (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிப்பது) செம்பனையிலிருந்தும் வந்திருக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வந்திருக்கலாம். அந்த இலக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கேண்டலில்லாவுக்கு இ-902, கார்னூபாவுக்கு இ-903. இரண்டும் தாவரம் என்பதில் சந்தேகமே இல்லை. தேன்மெழுகு இ-901.

சரி, வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு. உணவுத்தரத் தேன்மெழுகு அல்லது தவிட்டு மெழுகு வாங்குங்கள். மெழுகுவத்தி செய்ய விற்கும் மெழுகு பெரும்பாலும் பாரஃபின், அது வேண்டாம். நூறு கிராம் எண்ணெய்க்கு ஐந்து கிராம் மெழுகு போதும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, மெழுகு துளியும் மிச்சமில்லாமல் தெளியும்வரை சூடாக்குங்கள். கரையாத துணுக்கு இருந்தால் படிகங்கள் அதைச் சுற்றியே திரண்டு ஜெல் சீராக வராது. பிறகு புட்டியில் ஊற்றி அசையாமல் வைத்துவிடுங்கள். ஆறும் நேரத்தில் கிளறினால் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்கும் முன்பே உடைந்துபோகும், கிடைப்பது கூழாகத்தான் இருக்கும். சீக்கிரம் ஆறினால் பெரும்பாலும் சிறிய படிகங்கள் நிறையத் தோன்றி எண்ணெயை நன்றாகப் பிடிக்கும். அதனால் புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தலாம். மறுநாள் கவிழ்த்துப் பாருங்கள். ஆய்வுக்கூடங்களிலும் முதலில் செய்யும் சோதனை அதுதான். ஓடினால் மறுபடி சூடாக்கி, அரை கிராம் மெழுகு கூட்டி ஆறவிடலாம், எண்ணெய் வீணாகாது.